மழையில் நின்று பாருங்கள், அப்புறம் கல் வாங்குங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. போன வருடம் புதுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கோர்னர் லோட் (மூலைமனை) வீடு ஒன்று வாங்கினோம். வீட்டுக்குப் பக்கவாட்டில் 16 அடி அகலம், 60 அடி நீளத்துக்கு வெறும் மண் கிடக்கிறது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. முழுவதும் வெள்ளைக் கல் கொட்டிவிடலாம், புல் வெட்டும் வேலை மிச்சம் என்கிறார் என் கணவர். எஸ்டேட் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற என் அம்மாவோ, "கல்லைக் கொட்டினா வீடு கொதிக்கும், புல்லு போடு" என்கிறார். விலை கேட்கப் போனபோது குத்தகையாளர் (கான்ட்ராக்டர்), பிலிப்பைன் புல் போட்டால் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும் என்கிறார். பின்பக்கம் பெரிய மாமரம் ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டில் வெள்ளைக் கல் ஓரமாக வைத்த இக்சோரா பூச்செடியின் இலையெல்லாம் மஞ்சளாகிப் போனது, அதுவும் பயமாக இருக்கிறது. அம்மாவுக்குப் பிள்ளையாருக்கு வைக்க அருகம்புல்லும் வேண்டுமாம். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் முடியுமா? இன்னொன்று, களை கொல்ல ஸ்டோரில் பழைய மருந்துப் போத்தல் ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: வணக்கம் டீச்சர்.

உங்கள் வீட்டு வழக்கு எனக்குப் பழக்கமான வழக்குதான். இருபத்திரண்டு வருடமாக வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறேன். பத்து வீட்டில் எட்டு வீட்டில் ஐயா கல் கட்சி, அம்மா புல் கட்சி. இரண்டு பேரும் கல்லையும் புல்லையும் பற்றியே பேசுவார்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உங்கள் கடிதத்திலும் அதுதான் விட்டுப்போயிருக்கிறது. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து எந்த இடத்தில் குட்டை நிற்கிறது? அது எந்தப் பக்கமாக லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) ஓடுகிறது? நம் ஊரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதிலும் பெரும்பகுதி பின்நேரத்து இடிமழையாக ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். எங்கே கல், எங்கே புல் என்று அந்த ஒரு மணி நேரம் சொல்லிவிடும்.

அதனால் முதல் வேலை இது. அடுத்த பெரிய மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நில்லுங்கள். இடி முழங்கும்போது வேண்டாம், அது தள்ளிப் போன பிறகு. ஈர்க்குமாற்றில் உருவிய பத்து இருபது குச்சிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைச் சுற்றிக் குச்சி நடுங்கள். கூரை விளிம்பிலிருந்து நீர் விழுந்து மண்ணில் பள்ளம் பறித்திருக்கும், அந்தக் கோட்டிலும் நடுங்கள். அம்மாவைக் கூப்பிட்டால் அவரே செய்துவிடுவார். தண்ணீர் ஓடும் வழியைத் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மழை விட்ட மறுநாள் ஓர் அடி ஆழத்துக்குக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். புதுத் தாமான் மண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேல்மண்ணை இயந்திரம் வழித்துப் போட்டிருக்கும், அடியிலிருக்கும் செம்மண் களியை மேலே தள்ளி ரோலர் உருட்டியிருப்பார்கள். நடுவில் செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்டுக் கட்டி, சில வீட்டில் முழு ஓடே கிடைக்கும். குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அடிக்கோல் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்கினால் மண் தேவலாம். சாயங்காலம் வரை அப்படியே நின்றால், மேலே என்ன போட்டாலும் பிரச்சினை அடியில்தான் இருக்கிறது. அப்போது கல்லுக்கும் புல்லுக்கும் முன்னால் மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டும், சரிவு கொடுக்க வேண்டும். 16 அடி அகலத்துக்குச் சுவரிலிருந்து வேலி நோக்கி 2 முதல் 4 அங்குலம் இறக்கம் இருந்தால் போதும். கொத்தனார்கள் வெள்ளைக் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடிப்பார்களே, அதே முறை. கண்ணால் பார்த்தால் சமமாகத்தான் தெரியும், தண்ணீருக்குச் சரிவு தெரியும்.

சரி, இப்போது கணவரின் வெள்ளைக் கல்லுக்கு வருகிறேன்.

கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 16 அடிக்கு 60 அடி என்றால் 960 சதுர அடி, ஏறக்குறைய 89 சதுர மீட்டர். கல் 5 சென்டிமீட்டர் கனமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் நடக்க நடக்க அடியில் விரித்த களைத்தடுப்புப் பாய் தெரியும். இந்தக் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ கல் பிடிக்கும். மொத்தம் ஆறரை டன்னுக்கு மேல். கடையில் விற்கும் 20 கிலோ மூட்டையாக வாங்கினால் 330 மூட்டைக்கு மேல் வருகிறது. அதைக் கோர்னர் லோட்டின் சின்ன கேட் வழியாகத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவது யார் என்றும் கேட்டுப் பாருங்கள். புல் வெட்டும் வேலை மிச்சம் என்று சொன்னவர்தான் அன்றைக்கு வண்டி தள்ள வேண்டும்.

அப்புறம் வெயில். மரமில்லாத பக்கவாட்டில் முழுக்கக் கல் போட்டால், பகல் முழுவதும் குடித்த சூட்டைச் சாயங்காலம் சுவர் பக்கம் திருப்பிவிடும். புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் அது அப்படிச் சுடாது. அம்மா "வீடு கொதிக்கும்" என்று சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. நம்ப மறுத்தால் கணவரை மத்தியானம் இரண்டு மணிக்கு எதிர்வீட்டுக் கல்லின்மேல் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

அந்த எதிர்வீட்டுக் கல்லைப் பற்றியே கொஞ்சம் பேசவேண்டும். ஈப்போ வட்டாரத்தைச் சுற்றி நிற்கும் மலைகள் சுண்ணாம்புக்கல் மலைகள். நம் பக்கம் கிடைக்கும் வெள்ளைச் சில்லுக்கல் பெரும்பாலும் அந்த வகைதான், சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்குச் சில்லு. பார்க்க அழகு. ஆனால் மழை நனைக்க நனைக்க அதிலிருந்து சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும். நம் மண் இயல்பிலேயே புளிப்பு மண். இக்சோராவுக்கு அந்தப் புளிப்புதான் பிடிக்கும். சுண்ணாம்பு ஏறினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலையைப் பாருங்கள்: நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பட்ட இடம் வெளுத்து மஞ்சளாகியிருந்தால் அதுதான் காரணம். எதிர்வீட்டார் அதற்கு ஊரியா போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஊரியா இதற்கு மருந்தல்ல. செடியைச் சுற்றி ஒன்றரை அடிக்குக் கல்லை ஒதுக்கிவிட்டு, மக்கிய இலைக்குப்பை போடச் சொல்லுங்கள், மெதுவாகத் தேறும்.

கல் வாங்கப் போகும்போது சின்னப் போத்தலில் சமையல் வினிகர் எடுத்துப் போங்கள். ஒரு கல்லைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு விட்டுக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் என்றால் ஊசிமுனை அளவு குமிழ்கள் புறப்பட்டு ஓரத்தில் நுரை கட்டும். கருங்கல் சில்லு என்றால் வினிகர் சும்மா ஈரமாக நிற்கும். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வெள்ளைக் கல்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் ஈரத்தில் அது வெள்ளையாக இருக்காது. ஒரு மழைக்காலம் போதும், நிழல் விழும் பக்கம் பச்சைப்பாசி பிடித்து அப்புறம் கறுக்கும். பிரெஷர் ஜெட் வைத்துக் கழுவலாம். கழுவினால் கல் நாலு பக்கமும் சிதறும், மறுபடி கூட்டி நிரவ வேண்டும். புல் வெட்டும் வேலையை மிச்சம் பிடித்த மாதிரிதான்! நான் சாம்பல் நிறக் கருங்கல் சில்லைத்தான் சொல்வேன். பாசி பிடித்தாலும் கண்ணை உறுத்தாது.

ஆனால் கல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரைத் தண்ணீர் விழும் கோடு இருக்கிறதே, அங்கே எந்தப் புல்லும் நிற்காது. சொட்டின் அடியில் வேர் வெளியே வந்துவிடும், சேறு தெறித்துச் சுவரில் இரண்டடி உயரத்துக்குச் செம்மண் கறை ஏறும். அந்த இடத்துக்குக் கல்தான் சரி. சுவரோரமாக 3 அடி அகலம், 60 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் 180 சதுர அடி, ஒன்றே கால் டன் கல் போதும். சின்ன லோரியில் மொத்தமாக இறக்கினால் மூட்டைக்கணக்கை விட மலிவு. கணவருக்கும் கொஞ்சம் கல் கிடைத்த திருப்தி இருக்கும்.

அதை எப்படிப் போடுவது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெறும் மண்ணின்மேல் கல்லைக் கொட்டினால் இரண்டு மழையில் கல் களியில் புதைந்துவிடும். முதலில் 3 அங்குலம் மண்ணை வழித்து, கையால் தட்டிக் கெட்டிப்படுத்தி, மேலே நெய்த களைத்தடுப்புப் பாயை விரிக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது தண்ணீரை இறங்க விடாது, அடியில் நாறும். பாய்த் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று அரையடியாவது ஏறியிருக்கட்டும். அதன்மேல் 20 மில்லிமீட்டர் உடைகல், 5 சென்டிமீட்டர். உடைகல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மூலை முனை உள்ள கல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டை, கால் வைத்தால் நழுவும். வயதானவர் இருக்கும் வீட்டில் நடைவழிக்குக் கூழாங்கல் போடுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. மிகப் பொடியான கல்லும் வேண்டாம், அக்கம்பக்கத்துப் பூனையெல்லாம் கக்கூசாக்கிவிடும்.

கல்லின் மேல்மட்டம் வீட்டுத் தரையை விட அரையடியாவது கீழே இருக்கட்டும். கறையான் மண்புற்றாகச் சுவரில் ஏறினால் அந்த அரையடியில்தான் கண்ணில் படும். அதையும் மூடிவிட்டால் அலமாரி கதவு கையோடு வரும்போதுதான் தெரியும். மென்ஹோல் மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதன்மேல் கல்லைக் கொட்டிவிட்டு அப்புறம் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல் பட்டையில் நடப்பதற்குச் சிமெண்டுப் பலகைக்கல் பதியுங்கள். இடைவெளிக்குக் குத்தகையாளர் இரண்டடி என்பார், அது அவருடைய நடை. மண் லேசாக ஈரமாக இருக்கும் ஒரு காலையில் அம்மாவை அந்தப் பக்கம் ஒருமுறை சாதாரணமாக நடந்து வரச் சொல்லுங்கள். காலடித் தடம் எங்கெங்கே விழுந்திருக்கிறதோ அங்கே ஒவ்வொரு கல். எங்கள் வேலையில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், அம்மாவின் வயதில் இருப்பவர்களுக்கு ஒன்றரை அடிக்கு மேல் போனதில்லை.

கல்லும் புல்லும் சந்திக்கும் இடத்தில் தடுப்பு கட்டாயம் வேண்டும். செங்கலைக் குத்துவாக்கில் நட்டாலும் சரி, சிமெண்டு கெர்ப் வைத்தாலும் சரி, கல் மட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஈப்போவில் ஒரு வீட்டில் தடுப்பு இல்லாமல் விட்டேன். வீட்டுக்காரர் செலவைக் குறைக்கச் சொன்னார், நானும் தலையாட்டினேன். அடுத்த மாதம் நானே முதுகில் புல்வெட்டி மெஷினை மாட்டிக்கொண்டு ஓரம் வெட்டுகிறேன், நைலான் கயிறு ஒரு கல்லைத் தூக்கியது. டப் என்று ஒரு சத்தம்தான். பக்கத்து வீட்டுக் காரின் பின்கண்ணாடி முழுசாகச் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. கண்ணாடிப் பணம் என் பையிலிருந்து போனது. அந்தக் காருக்குள் குழந்தை இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். தடுப்பு வைத்த பிறகும், கல்லோரத்து ஓரடியைக் கத்தரியால் கையில் வெட்டுவதுதான் என் பழக்கம்.

இனி புல். நர்சரியில் மூன்று பெயர் சொல்வார்கள்: கவ் கிராஸ், பேர்ல் கிராஸ், பிலிப்பைன். கவ் கிராஸ் நம் பள்ளித் திடலில், சாலையோரத்தில், கோயில் மைதானத்தில் எல்லாம் இருக்கும் அகல இலைப் புல். பேர்ல் அதன் குட்டை ரகம், இலை சின்னது, வளர்த்தி கம்மி. பிலிப்பைன் என்பது சோய்சியா வகை. மெல்லிய இலை, அடர்த்தி, விலையும் அதிகம்.

குத்தகையாளர் கம்பளம் என்று சொன்னது பொய்யில்லை. நல்லபடியாகப் பராமரித்த பிலிப்பைன் புல் நிஜமாகவே கம்பளம்தான். ஆனால் அது நாள் முழுக்க வெயில் கேட்கும். ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் மெலிந்து, வழுக்கை விழும். மெதுவாகத்தான் பரவும், அதனால் ஆரம்ப மாதங்களில் இடைவெளியில் முளைக்கும் களையைக் குந்தி உட்கார்ந்து கையால்தான் பிடுங்க வேண்டும். நீங்கள் பள்ளிக்குப் போய்விடுவீர்கள், கணவர் வேலைக்குப் போய்விடுவார், கடைசியில் குந்துவது யார்? நாற்பது வருடம் தோட்டத்தில் குனிந்தவரை மறுபடி குனிய வைக்காதீர்கள்.

உங்கள் பக்கத்துக்கு நான் பேர்ல் கிராஸ் சொல்வேன். கையைக் கடிக்கும் என்றால் கவ் கிராஸ், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. இரண்டும் புளிப்பு மண்ணைத் தாங்கும், அரை நிழலைத் தாங்கும், பிள்ளைகள் ஓடினாலும் தாங்கும். கவ் கிராஸை 4, 5 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டினால் போதும். மொட்டையாக வழித்து வெட்டுகிறார்கள், அங்கேதான் களைக்கு வழி திறக்கிறது. ஒரு தடவைக்கு இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டி வரும், அதை மறைக்க மாட்டேன். பேர்ல் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

பாத்தி பாத்தியாக வெட்டிய புல் துண்டுகளை நெருக்கமாக அடுக்குவது ஒரு முறை, நாலைந்து அங்குலம் இடைவெளி விட்டு நடுவது இன்னொரு முறை. இடைவெளி விட்டால் புல் செலவு பாதிக்குப் பாதி குறையும், இரண்டு மூன்று மாதத்தில் மூடிக்கொள்ளும். சரிவான இடத்தில் மட்டும் நெருக்கமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் மழை இடைவெளி மண்ணை அரித்துவிடும். புல் இறங்கும்போது ஒரு துண்டைத் திருப்பி அடிமண்ணைப் பாருங்கள். கறுப்பாகச் சின்னக் கொட்டை மாதிரி கிழங்கு தென்பட்டால் அது கோரை. அந்தப் புல் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். கோரை களைத்தடுப்புப் பாயையே குத்திக்கொண்டு மேலே வரும், ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும். உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருந்தால், புல் போடுவதற்கு முன் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள், மேலே வெட்டினால் போகாது.

மாமரத்தின் அடி வேறு கதை. அங்கே கவ் கிராஸ்கூடத் தேறாது. கல்லும் வேண்டாம், விழுந்த இலையைக் கல்லிலிருந்து பொறுக்குவதை விடப் பெரிய தண்டனை தோட்ட வேலையில் கிடையாது. நிழலில் தானாகப் படரும் காடோக் செடி வையுங்கள், மலாய்க்காரர்கள் சோற்றோடு பச்சையாகச் சாப்பிடும் உலாமுக்கு எடுப்பார்களே, அதேதான். ஓரத்தில் பாண்டான் நாலு தூர். ஈரம் நிற்கும் அரை நிழலில் வல்லாரை விட்டால் அதுவே பாய் மாதிரி பிடித்துக்கொள்ளும், துவையலுக்கும் ஆச்சு. ஆனால் லோங்காங் ஓரத்து வல்லாரையைச் சாப்பாட்டுக்குப் பறிக்காதீர்கள். மாமரத் தண்டை ஒட்டி மண்ணோ கல்லோ ஏற்றாதீர்கள், பட்டை அழுகும்.

அம்மாவின் அருகம்புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டுத் திடல்காரர்கள் பெர்முடா என்று விலை கொடுத்து வாங்குகிறார்களே, அதன் இனம்தான் நம் அருகு. வெயிலில் நன்றாக வரும். ஆனால் பக்கவாட்டில் தரையில் விடாதீர்கள். அதன் ஓடுகொடி கல் பட்டைக்குள் புகுந்து, பலகைக்கல் இடுக்கில் வேர்விட்டு, செடிப் பாத்தி வரை போகும். அகலமான பழைய பேசின் ஒன்றை எடுத்து அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மணல் கலந்த மண் நிரப்பி, வெயில் படும் முன்பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் தேங்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரத் தேக்கம் போதும். பிள்ளையாருக்கு நுனி கிள்ளக் கிள்ள அடர்ந்து வரும்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசல் ஞாபகம் வருகிறது. என் அம்மாவும் வெளிக்காட்டு வேலைக்காரிதான், களை வெட்டு, அப்புறம் மருந்தடிப்பு. ரப்பர் வந்த புதிதில் துரைமார்கள் பால்மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று சுத்தமாகச் செதுக்க வைத்தார்கள். மழை மேல்மண்ணைக் கழுவி ஆற்றில் சேர்த்தது. மலைச்சரிவெல்லாம் ஓடையாக அறுந்த பிறகுதான் பூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்று மூடுகொடி விதைத்து மண்ணைப் போர்த்தினார்கள். உங்கள் அம்மாவும் அந்தக் கொடிக்காட்டுக்குள் காலில் சிக்கிச் சிக்கி நடந்திருப்பார். வெறும் மண்ணைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. புல்லில் ரொம்பவும் மெனக்கெட முடியாது, ஆள் அதிகம் நடமாட மாட்டார்கள் என்றால் வேலியோரம் அந்த மூடுகொடிகளின் குடும்பத்தையே சேர்ந்த காச்சாங் பிந்தோய் விடலாம். மஞ்சள் பூப் பூக்கும், காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், உரம் கேட்காது. மிதித்தால்தான் தாங்காது.

தீபாவளிக்குள் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், வரிசையை மாற்றாவிட்டால். இப்போது மழை குறைந்த மாதங்கள். சரிவு, மண் கொத்தல், கல் பட்டை, தடுப்பு எல்லாவற்றையும் இப்போது முடியுங்கள். கொத்தின களிமண்ணில் மாட்டெருவோ மக்கோ இரண்டு அங்குலம் கலந்துவிடுங்கள். செப்டம்பர் பிறக்கும்போது புல்லை இறக்குங்கள். முதல் இரண்டு வாரம் காலை மாலை தண்ணீர். அதற்கப்புறம் அக்டோபர் மழை பார்த்துக்கொள்ளும், நம் மேற்குக் கரைக்கு அக்டோபர், நவம்பர்தான் நல்ல மழை. ஒரு மாதம் கழித்துச் சதுர மீட்டருக்கு 20 கிராம் என்.பி.கே. 15-15-15 உரம், ஈர மண்ணில் தூவித் தண்ணீர் தெளித்துவிடுங்கள். தீபாவளி அன்று கம்பளம் மாதிரி இருக்காது, பச்சையாக இருக்கும். வாண வெடிகளை மட்டும் கல் பட்டைப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்டோரில் இருக்கும் போத்தலைப் பற்றி ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள், நான் அதைத்தான் முதலில் படித்தேன். தோட்டத்திலிருந்து வந்த பழைய போத்தல் என்றால், உள்ளே நீலப்பச்சையாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருந்தால், அது பாராகுவாட் என்ற களைக்கொல்லியாக இருக்கலாம். மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை. ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும், முறிக்கும் மருந்து கிடையாது. என் அம்மா முதுகில் பம்பு சுமந்து அடித்தது அதைத்தான், கையுறை என்று ஒன்றை அவர் பார்த்ததே ரொம்பக் கடைசியில்தான். நகம் எல்லாம் கறுத்து உரிந்து போயிருக்கும்.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். லோங்காங்கில் ஊற்றாதீர்கள், வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள், புதைக்கவும் வேண்டாம். பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்தில் எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். கல் இடுக்கில் முளைக்கும் களைக்கு ஒரு கெண்டி கொதிக்கிற தண்ணீர் போதும். உப்பு போடச் சொல்வார்கள், போடாதீர்கள், அது இறங்கிப் பக்கத்துப் புல்லையும் சேர்த்துக் கொல்லும்.

குச்சி நட்ட பிறகு மாடி வீட்டுக்காரர் யாராவது இருந்தால் அவர் ஜன்னலிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மாமர நிழல் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் எதுவரை விழுகிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டினால், பேர்ல் கிராஸ் எங்கே நிற்க வேண்டும், காடோக் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.